பாடியும் காற்றும்: கேளுங்கள், டிங்கரிங்காரன் சொல்கிறேன்

இந்த இதழில் எல்லாமே சூப்பர்கார்களின் தோற்றம் பற்றிய கேள்விகள். பதில் சொல்பவன் டிசைனர் இல்லை. பாதி ஆயுளை டிங்கரிங் பட்டறையில் கழித்தவன். காரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கை அதன் மேல் போய்விடும். பதில்களிலும் அந்த வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு லம்போர்கினி கவுன்டாச் என்றால் உயிர். என் பத்தொன்பது வயது மகன் அதை 'அட்டைப் பெட்டி' என்கிறான். அவன் காட்டும் இன்றைய கார்களோ எனக்குப் பூச்சி மாதிரி தெரிகின்றன. யார் சொல்வது சரி?

இரண்டு பேருக்கும் நடந்திருப்பது ஒன்றுதான். மீசை அரும்பும் வயதில் எந்தக் கார் மனதில் ஒட்டிக்கொண்டதோ, அதுவே கடைசி வரை அளவுகோலாகிவிடுகிறது. உங்களுக்குச் சுவரில் ஒட்டிய படம், அவனுக்குச் செல்போன் திரை. இதில் பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை. ஆனால் சண்டையைக் கொஞ்சம் உருப்படியாகப் போட ஒரு வழி சொல்கிறேன்: இருவரும் அந்தக் கார்களில் உள்ள ஓட்டைகளைப் பாருங்கள்.

இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த நாளிலிருந்து சூப்பர்கார் டிசைனருக்கு ஒரே தலைவலி, சூடு. காற்று உள்ளே போக வழி வேண்டும், வெளியே வரவும் வழி வேண்டும். அந்த வழிகளை ஒளிப்பதா, காட்டுவதா, காட்டிப் பெருமையடிப்பதா? பத்து வருஷத்துக்கு ஒருமுறை இதற்கு ஒரு பதில் வந்திருக்கிறது. நாம் 'ஸ்டைல்' என்று சண்டை போடுவதில் பாதி அந்தப் பதில்தான்.

கவுன்டாச்சையே எடுங்கள். 1971 ஜெனீவா கண்காட்சிக்கு வந்த முதல் மாதிரி மஞ்சள் நிறத்தில், துடைத்துவிட்டது போல் இருந்தது. பெர்டோனே என்ற இத்தாலிய டிசைன் நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காண்டினி போட்ட கோடு மூக்கிலிருந்து கூரை வரை ஒரே இழுப்பில் ஏறும். பக்கவாட்டில் செவுள் மாதிரி சில கீறல்கள், அவ்வளவுதான். அதைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் கொதித்தது. 1974-ல் விற்பனைக்கு வந்த எல்பி400 என்ற முதல் கவுன்டாச் மாடலில் கதவோரம் பெரிய பள்ளம் வெட்டி, தோளில் காற்றை உள்ளே இழுக்கும் இரண்டு பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகள் இல்லாத கவுன்டாச்சை இன்று யாரும் கவுன்டாச் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1978-ல் எல்பி400 எஸ் வந்தது. பிரெல்லி பி7 டயர் அகலமானதால் சக்கரத்தின் மேல் வளைவுகள் புடைத்தன. விரும்பினால் பின்னால் இறக்கையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த இறக்கை போட்டால் காரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் குறையும் என்பது தெரிந்தே வாங்கினார்கள். உங்கள் சுவரில் இருந்த படத்தில் இறக்கை இருந்ததா? இருந்தது என்றால் உங்கள் ரசனை எழுபதுகளைச் சேர்ந்தது இல்லை, சுத்தமான எண்பது. 1971 மாதிரியையும் 1988-ல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தகப்பனும் மகனும் போலக்கூட இருக்காது. அந்த 1988 பதிப்பின் தோற்றத்தை மாற்றி அமைத்தவர் ஹொராசியோ பகானி. பிறகு தன் பெயரிலேயே கம்பெனி வைத்து ஸோண்டா என்ற சூப்பர்காரைச் செய்தாரே, அவரேதான். இன்றைய 'பூச்சி'களுக்கும் உங்கள் கவுன்டாச்சுக்கும் இப்படி ஒரு ரத்த சம்பந்தம் உண்டு என்பதை மகனிடம் சொல்லிவைக்கலாம்.

அப்புறம் அந்த 'அட்டைப் பெட்டி'. இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. வளைந்த தகட்டில் சின்னக் குறை இருந்தால் வளைவே அதை விழுங்கிவிடும். தட்டைத் தகடு எதையும் மறைக்காது. வேலை முடிந்ததும் டியூப்லைட்டின் அடியில் வைத்துப் பார்ப்போம். விளக்கின் பிம்பம் தகட்டில் நேர்கோடாக ஓட வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் மறுபடி சுத்தியல். கவுன்டாச்சின் அலுமினிய பாடி கையால் செய்த வேலை. அத்தனை பெரிய தட்டைப் பரப்பைக் கையால் நிமிர்த்தி எடுத்தவர்களை நினைத்தால் எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது. பையனை ஒருநாள் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எல்லாரும் திடீரென்று ஆப்பு வடிவத்துக்கு மாறியது ஏன்? அறுபதுகளின் வளைவுகள் அவ்வளவு அழகாக இருந்தனவே?

மாற்றியதே வளைவைப் போட்ட அதே கைதான். 1966-ல் ஜெனீவாவில் லம்போர்கினி மியூராவைக் காட்டியபோது காண்டினிக்கு 27 வயது. ஒரு பெண்ணின் இடுப்பைப் போல என்று எல்லாரும் எழுதிய அந்தக் காருக்குப் பிறகு, 1968-ல் அவரே ஆல்ஃபா ரோமியோ கராபோ என்று ஒன்றைச் செய்தார். வளைவே கிடையாது, கதவு மேல்நோக்கித் திறந்தது. கவுன்டாச்சின் கதவு அங்கிருந்து வந்ததுதான். 1970-ல் லான்சியா ஸ்ட்ராடோஸ் ஸீரோ: தரையிலிருந்து கூரை வரை வெறும் 84 சென்டிமீட்டர். முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அது வழியாக உள்ளே இறங்க வேண்டும். அதே ஆண்டு இன்னொரு இத்தாலிய டிசைன் நிறுவனமான பினின்ஃபரினாவின் பாவ்லோ மார்டின் செய்த ஃபெராரி மாடுலோவும் ஒரு மீட்டரைத் தொடவில்லை.

பந்தயக் களமும் அதே பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1968-ல் இண்டியானாபொலிஸில் ஓடிய லோட்டஸ் 56-ஐப் பாருங்கள், சக்கரம் வைத்த ஆப்பு. மியூரா மாதிரி அழகான வளைந்த மூக்கு, வேகம் கூடக் கூட தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஆப்பு மூக்கைக் கீழே அமுக்கும் என்ற எண்ணம் பரவிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆப்பு வடிவம் காற்றை வெண்ணெயாக வெட்டியது என்று நினைக்காதீர்கள். காற்று காரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு, காற்று எதிர்ப்புக் கெழு. குறைய குறைய நல்லது. கவுன்டாச்சுக்கு அது 0.42 என்பார்கள். 1992-ல் வந்த மெக்லாரன் எஃப்1-க்கு 0.32. வேகமாக ஓடுவதைவிட, நிற்கும்போதே வேகமாகத் தெரிவதில் எழுபதுகள் கெட்டிக்காரத்தனம் காட்டின. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

கேள்வி: மியூராவின் ஹெட்லைட்டைச் சுற்றி இருக்கும் கண்ணிமை எதற்கு?

அழகுக்கு. விளக்கை ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தார்கள். அது இரவல் சாமான் என்று தெரியாமல் இருக்கச் சுற்றிலும் கறுப்புப் பட்டைகள் வைத்த மாதிரி எனக்குத் தோன்றும். 1971-ல் வந்த எஸ்வி மாடலில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் கார் இன்னும் அழகு என்று ஒரு கட்சி உண்டு. நான் இமைக் கட்சி.

கேள்வி: ஃபெராரி டெஸ்டரோசாவின் பக்கவாட்டுப் பட்டைகள் வெறும் பந்தா என்கிறார் நண்பர். உண்மையா?

நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எண்பதுகளின் மொத்தக் குணமும் இந்தப் பட்டைகளில் இருக்கிறது.

டெஸ்டரோசாவுக்கு முன் இருந்த 512 பிபி-யில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால். நடுவில் உட்காருபவருக்கு அருகிலேயே கொதிநீர்க் குழாய்கள் ஓடின. உள்ளே இருப்பவர் வெந்தார். 1984-ல் பாரிஸில் டெஸ்டரோசாவைக் காட்டியபோது ரேடியேட்டர்களைப் பின்பக்கம் இரண்டு விலாவிலும் வைத்துவிட்டார்கள். குழாய்ப் பிரச்சினை ஒழிந்தது, ஆனால் விலாவில் ஆளுக்கொரு பெரிய வாய் வேண்டும். அவ்வளவு பெரிய திறப்பைச் சில நாடுகளின் பாதுகாப்பு விதிகள் அப்படியே விடாது. அதற்குக் குறுக்கே பட்டை போட்டார்கள்.

இதுவரை பொறியியல். இதற்கு மேல்தான் பினின்ஃபரினாவின் வேலை. விதி கேட்டதைச் செய்ய ஒரு வலை போதும். அவர்களோ பட்டைகளைக் கதவின் முன் ஓரத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கி, பின்னால் போகப் போக அகலும்படி இழுத்தார்கள். காரின் பின்பாகமும் அதோடு சேர்ந்து விரிந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலத்தில் நிற்கும். கதவைத் திறந்தால் பட்டைகள் கதவோடு வெளியே வரும். மூடினால் கோடுகள் பிசகாமல் பாடியோடு சேர வேண்டும். ஒரு கதவின் இடைவெளியைச் சரி பண்ணவே அரை நாள் போராடிய எனக்கு, அத்தனை கோடுகளையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும்.

அப்புறம் என்ன ஆயிற்று? பார்த்தவர்கள் எல்லாம் பட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் ரேடியேட்டரே இல்லாத சாதாரணக் கார்களுக்கும் ஃபைபரில் பட்டை செய்து ஒட்டினார்கள். 'பந்தா' என்று உங்கள் நண்பர் சொல்வது அந்தக் கார்களுக்குப் பொருந்தும். சூட்டை வெளியேற்றும் பட்டைக்கும் சும்மா ஒட்டிய பட்டைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே விரலை விட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: மேலே எழும்பும் ஹெட்லைட்டுகள் ஏன் காணாமல் போயின? அவற்றுக்கு ஈடான அழகு வேறு உண்டா?

மூக்கு தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் விளக்கு இத்தனை உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று அமெரிக்க விதி. எழும்பும் விளக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த சமரசம். பிறகு சின்ன இடத்தில் அதிக வெளிச்சம் தரும் விளக்குகள் வந்தன. மோதினால் நடந்துபோகிறவருக்கு அடி குறைவாகப் பட வேண்டும் என்ற விதிகளும் வந்தன. மோட்டார், லீவர், எடை, ரிப்பேர் இதெல்லாம் எதற்கு என்று கம்பெனிகள் யோசித்தன. 2004-ல் லோட்டஸ் எஸ்ப்ரியும் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டும் நின்றதோடு கதை முடிந்தது.

அழகு என்கிறீர்கள். மூடியிருக்கும்போது அழகுதான். இரவில் திறந்ததும் அந்தச் சுத்தமான மூக்கில் இரண்டு தவளைக் கண் முளைக்கும். ஒரு பக்கம் மட்டும் எழும்பி மறுபக்கம் மாட்டிக்கொண்ட கார்களை நிறையப் பார்த்தாயிற்று. படத்தில் பார்த்து ரசிப்பவர்களுக்கு அந்த விளக்கு, சரி செய்கிறவனுக்கு இல்லை.

கேள்வி: ஃபெராரி எஃப்40, மெக்லாரன் எஃப்1. இரண்டில் எது அழகு? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

எஃப்40. ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனி நீங்கள் கேட்காமலே பேசுவேன்.

1987-ல் வந்த எஃப்40, என்ஸோ ஃபெராரி தன் கையால் ஒப்புதல் கொடுத்த கடைசி ஃபெராரி. மறு ஆண்டு அவர் இறந்துவிட்டார். டெஸ்டரோசா வந்து மூன்றே ஆண்டுகள். ஆனால் ஓட்டைகளைப் பற்றிய எண்ணம் தலைகீழாகிவிட்டது. பட்டை போட்டு மறைப்பதெல்லாம் கிடையாது. பானட்டில், விலாவில், பின்சக்கரத்துக்கு முன்னால் வெட்டிய பள்ளங்கள் அப்படியே திறந்து கிடக்கும். இன்ஜின் மேல் பிளாஸ்டிக் கண்ணாடி, அதிலும் வரிவரியாகக் கீறல். உள்ளே கதவைத் திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். பெட்ரோல், எண்ணெய் எதுவும் ஊற்றாத எடை 1,100 கிலோவை ஒட்டித்தான்.

ஒருமுறை ஒரு எஃப்40-க்குப் பக்கத்தில் குனிந்து பார்க்க வாய்த்தது. எடை கூடக் கூடாது என்று பெயிண்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். சாய்வாகப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் கார்பன், கெவ்லார் இழைகளின் நெசவு கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நான் அப்படி ஒரு காரை டெலிவரி கொடுத்திருந்தால் கஸ்டமர் சாவியை என் மேலேயே எறிந்திருப்பார். ஃபெராரி கொடுத்தது, உலகம் கையெடுத்துக் கும்பிட்டது. இன்று கோடிகளில் விற்கும் கார்களில் பெயிண்டே அடிக்காமல், கார்பன் நெசவு தெரிய வார்னிஷ் மட்டும் பூசுவதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அந்த ரசனைக்கு விதை எஃப்40 என்பது என் கட்சி.

மெக்லாரன் எஃப்1-க்கு வருவோம். கார்டன் முர்ரே பொறியியல், பீட்டர் ஸ்டீவன்ஸ் தோற்றம். ஓட்டுநர் நடுவில், இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஒவ்வொருவர். பெரிய இறக்கை கிடையாது. பின்னால் ஒரு சின்னப் பலகை பிரேக் போடும்போது எழும்பும், அவ்வளவுதான். காரின் அடியிலிருந்து காற்றை இழுக்க உள்ளே விசிறிகளே இருந்தன, வெளியில் ஒன்றும் தெரியாது. 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடியது. எண்பதுகளில் யாராவது இதைச் செய்திருந்தால் ஐந்து இறக்கை வைத்து ஊருக்கே தெரியப்படுத்தியிருப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திறமையை அடக்கி வாசிப்பது கௌரவமாகிவிட்டது. மொத்தம் 106 கார்தான் செய்தார்கள், அன்று விற்பதற்கே சிரமப்பட்டார்கள். இன்று அதை வாங்க வரிசை நிற்கிறது. காலம் போகப் போக அழகாகும் கார் அது. எஃப்40 வந்த முதல் நாளே அழகு.

கேள்வி: கவுன்டாச்சை ரிவர்ஸ் எடுக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே உட்கார வேண்டுமாமே?

ஆமாம். பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். கதவு அப்படித் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹோண்டாவுக்கு இது சகிக்கவில்லை. 1990-ல் என்எஸ்எக்ஸ் செய்தபோது எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறையைப் பார்த்துக் கண்ணாடிகளை அமைத்தார்கள். சுற்றிலும் தெளிவாகத் தெரியும். அதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த வசவு, 'சூப்பர்கார் மாதிரி இல்லை, சௌகரியமாக இருக்கிறது.'

கேள்வி: 2021-ல் லம்போர்கினி மறுபடியும் கவுன்டாச் பெயரில் கார் விட்டது. உங்களுக்குப் பிடித்ததா? காண்டினியே எதிர்த்தார் என்கிறார்களே?

112 கார்கள் மட்டும் என்று அறிவித்தார்கள். கவுன்டாச் எல்பிஐ 800-4 என்று பெயர். இதில் தனக்குப் பங்கில்லை என்று காண்டினி தரப்பில் பகிரங்கமாகவே சொன்னார்கள். பழையதைத் திரும்பச் செய்வது தன் வழக்கத்துக்கே எதிரானது என்பது அவர் நிலை. நியாயம்தான். மியூரா அவ்வளவு பேர் வாங்கித் தந்த பிறகும் அதைப் போல இன்னொன்று செய்யாமல், மூன்று வருஷத்துக்குள் ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தவர் அவர். 2024 மார்ச்சில் காலமானார்.

புதிய கார் பிழையாக ஒன்றும் இல்லை. தோளில் பெட்டி இருக்கிறது, கதவு மேலே போகிறது, பானட்டில் மடிப்பு இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பழைய காரில் அந்தப் பெட்டிகளை வைத்தது இன்ஜின் கொதித்ததால், வேறு வழியில்லாமல். புதியதில் அவை நினைவுச்சின்னமாக வந்து உட்கார்ந்துவிட்டன. காண்டினியின் வேலையைத் திருத்திப் போடுவது அந்தக் கம்பெனிக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறில் வந்த டியாப்லோவுக்கு அவர் போட்ட கூர்மையான கோடுகளை, அப்போது முதலாளியாக இருந்த கிரைஸ்லரின் டிசைனர்கள் மழுக்கினார்கள். அவர் தன் மூல வரைவைக் கொண்டுபோய் வேறொரு கம்பெனியின் சிஸெட்டா வி16டி என்ற காரில் பயன்படுத்தினார். இரண்டு படங்களையும் தேடிப் பாருங்கள். எனக்கு டியாப்லோதான் பிடிக்கிறது, என்ன செய்ய!

கேள்வி: மெக்லாரன் ஸென்னாவை அழகு என்று யாராவது மனசாட்சியோடு சொல்ல முடியுமா?

அதைச் செய்தவர்களே அழகுப் போட்டிக்கு அனுப்பவில்லை. மணிக்கு 250 கிலோமீட்டரில் காற்று அந்தக் காரை 800 கிலோ எடையோடு தரையில் அமுக்குகிறது. அதற்காக முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் வெட்டி, பிளந்து, மடித்து வைத்திருக்கிறார்கள். கதவின் கீழ்ப்பாதியில்கூடக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். பாடியைவிட ஓட்டை அதிகம். இரண்டாயிரங்களில் புகாட்டி வேய்ரானுக்கும் பத்து ரேடியேட்டர் இருந்தது, 1001 குதிரைத்திறன் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் உருண்டையான பாடிக்குள் அடக்கி, இரண்டு வண்ணம் பூசி, கோட்டு சூட்டு போட்ட மனிதர் மாதிரி நிறுத்தினார்கள்.

ஸென்னாவில் எனக்கு நிம்மதி தரும் விஷயம் ஒன்று உண்டு: அதில் பொய் ஓட்டை கிடையாது. இன்று சாதாரணக் கார்களின் பம்பரில்கூடப் பெரிய கறுப்பு வாய் வைத்து, உள்ளே பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமே இருக்காது. ஸென்னாவைத் திட்டுகிறவர்கள் அதைத் திட்டட்டும்.

கேள்வி: எலெக்ட்ரிக் வந்தாயிற்றே, இன்ஜின் சூடே இல்லை. இனி ஓட்டைகள் தேவைப்படாதா?

பேட்டரியும் மோட்டாரும் சூடாகும், அவற்றையும் குளிர்விக்க வேண்டும். 2021-ல் விற்பனைக்குத் தயாரான ரிமாட்ஸ் நெவேராவைப் பாருங்கள். நாலு மோட்டார், இன்ஜின் கிடையாது. ஆனாலும் ஆள் முன்னால், பெருத்த தோள் பின்னால் என்ற அதே மியூரா காலத்து உருவம். விலாவில் காற்று போக வழியும் இருக்கிறது. இன்ஜினே இல்லாத காரில் இன்ஜின் இருக்கும் இடத்துக்கு இன்னும் மரியாதை நடக்கிறது. இதை உடைத்து, கராபோ மாதிரி ஒரு அடி கொடுக்கும் டிசைனர் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் திட்டப்போவது உங்கள் வயதுக்காரர்கள்தான், முதல் கேள்வி கேட்டவரின் மகனையும் சேர்த்து.

கேள்வி: பணம் தடையில்லை என்றால் எந்தக் கார், எந்த நிறம்?

எல்பி400, தோளில் பெட்டி உண்டு, இறக்கை இல்லை, புடைத்த வளைவு இல்லை. நிறம் ஆரஞ்சு. வெள்ளி நிறம் வேண்டாம், தட்டைத் தகட்டில் வெள்ளி அடித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.